சீனி போடாத தேநீர்

அன்பும் மரியாதையும் மாறாத என் யோகநாதன் மாஸ்டருக்கு,

இதை எழுதுவது நாகமணி. கல்லூரி மைதானத்தில் உங்களுக்குச் சுண்ணாம்புக் கோடு போட்டுத் தந்த அதே நாகமணி தான். ஆள் பிடித்து எழுதுவிக்கவில்லை. பேனை என் கையில் இருக்கிறது. நீங்கள் சிரிப்பீர்கள் என்று தெரியும். சிரியுங்கள். முதல் நாள் என் பெயரை நானே எழுதிப் பார்த்தபோது எனக்கும் சிரிப்புத் தான் வந்தது.

ஒரு நாளைக்கு அரைப் பக்கம் எழுதுகிறேன். அதற்கு மேல் கை நோகிறது, கண்ணில் நீர் வருகிறது. ஆனாலும் "ழ" வருகிற சொல் ஒன்று வந்தால் எனக்குச் சந்தோஷம். சுழித்து வளைத்துக் கீழே இழுத்து விடும்போது வலையில் முடிச்சுப் போட்டு இறுக்கியது போல இருக்கிறது. சல்லிக் கிராமத்தில் அப்பாவோடு கடலுக்குப் போன பெடியனுக்கு எழுத்து எதற்கு என்று அன்றைக்கு விட்டார்கள். எழுபத்திரண்டு வயதில் அது கிடைத்திருக்கிறது.

படிப்பித்தது உங்கள் மனைவி. எனக்கு அவர் டீச்சர். நீங்கள் கண்ணை மூடி, எட்டாம் நாள் செலவு முடிந்த பிறகும் பின்னேரங்களில் நான் உங்கள் வீட்டுக்குப் போய் வந்தேன். வேறு போக இடமில்லை, முழங்காலும் அதற்கு மேல் நடக்க விடாது. சின்ன வகுப்புக்குப் படிப்பித்த மனுஷி அல்லவா, ஒருவர் சும்மா இருப்பதைப் பார்க்க அவருக்கு ஏலாது. "அண்ணை, சும்மா தானே கதிரையைத் தேய்க்கிறியள், இந்தாங்கோ" என்று ஒரு கொப்பியைத் தந்தார். ஓடுபாதைக்கு ஒன்று முதல் எட்டு வரை இலக்கம் போட எனக்குத் தெரியும். எழுத்து தான் தெரியாது. "கோடு அவ்வளவு நேராப் போடுற ஆளுக்கு எழுத்து ஏன் இப்பிடி வெறிகாரன் மாதிரிச் சாயுது?" என்று பேச்சு வாங்கி வாங்கித் தான் படித்தேன்.

போன மாதம் பஸ் நிலையத்தில் ஒரு பஸ்ஸின் நெற்றியைப் பார்த்து "கந்தளாய்" என்று சத்தமாக வாசித்து விட்டேன். பக்கத்தில் நின்றவர், நான் அந்த பஸ்ஸில் ஏறப் போவதாக நினைத்து வழி விட்டார். இவ்வளவு காலமும் நிறத்தைப் பார்த்தும் ஆளைக் கேட்டும் தான் ஏறினேன்.

மைதானம் அப்படியே தான் இருக்கிறது. தெருவில் திரிகிற மான்கள் விடியற்காலையில் வந்து மூன்றாம் ஓடுபாதையில் படுக்கின்றன, நான் போட்ட கோட்டை அழித்து விட்டுப் போகின்றன. விளையாட்டுப் பழக்க உங்கள் இடத்துக்கு ஒரு பெண் பிள்ளை வந்திருக்கிறா. விசில் உங்களுடையதை விடச் சத்தம். எனக்குத் தான் முந்தி மாதிரி இல்லை. கோடு போட அரை நாள் எடுக்கிறது. இரண்டு வாளி சுண்ணாம்பைத் தூக்கினால் மூச்சு வாங்குகிறது. களைப்பு, மாஸ்டர். உடம்பில் மட்டும் இல்லை.

இன்றைக்கு இவ்வளவு தான். மிச்சம் நாளைக்கு.

உங்கள் ஆண்டுத் திவசம் வருகிறது. அதற்குள் சொல்ல வேண்டிய ஒன்று இருக்கிறது. நீங்கள் இருக்கும்போதே சொல்லியிருக்க வேண்டும். நீங்களும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. டீச்சர் இந்தக் கடிதத்தைப் பத்திரிகைக்குக் கொடுக்கலாமா என்று கேட்டார். ஓம் என்று சொல்லி விட்டேன். வேறு ஆட்கள் வாசித்தால் வாசிக்கட்டும். எனக்கு ஒளித்து ஒளித்துக் களைத்துப் போயிற்று.

நினைவிருக்கிறதா, நாலு வருடத்துக்கு முந்தின அந்த மழைக்குப் பிறகு உயரம் பாய்தல் மெத்தையை வெயிலில் போட இழுத்தேன். உறைக்குள் இருந்து ஒரு சின்னப் பொலித்தீன் பை விழுந்தது. உள்ளே கற்கண்டு உடைத்தது போலத் துகள். சேற்றுப்புண்ணுக்குப் போடப் பெடியன்கள் படிகாரம் வைத்திருக்கிறார்கள் என்று நினைத்து, அதை உங்கள் மேசையில் கொண்டு வந்து வைத்தேன்.

"அண்ணை, இது படிகாரம் இல்லை" என்றீர்கள்.

"பின்ன?"

"ஐஸ். போதைச் சாமான். இதை வேற ஆருக்கும் காட்டினனீங்களோ?"

இல்லை என்றேன். நீங்கள் எழுந்து போய்க் கதவைச் சாத்தினீர்கள். அந்த அறையில் காற்றாடியும் வேலை செய்யாது. இருவரும் வேர்த்து வேர்த்து இருந்தோம்.

"பொலிசுக்கு ஒரு சொல்லுச் சொல்லுவமோ, மாஸ்டர்?" என்று நான் தான் கேட்டேன்.

"நான் இந்த மைதானத்தில ஓடின காலத்தில, என்னோட அஞ்சலோட்டம் ஓடினவன் ஒருத்தனைக் கேட்டுப்போட்டு விடுறம் எண்டு கூட்டிக்கொண்டு போனவங்கள். தகப்பன் நாலு வருசம் சாப்பாட்டுப் பார்சலோட பொலிஸ் வாசல்ல நிண்டவர். என்ர கையால ஒரு பிள்ளையை அங்க அனுப்ப எனக்கு ஏலாது, அண்ணை."

"அது அந்தக் காலம்."

"ஓம், காலம் போட்டுது. வாசல் அதே வாசல் தான்."

அந்த மெத்தையில் படுத்துக் களைப்பாறுகிற அஞ்சலோட்டப் பெடியன்கள் நாலு பேரையும் தனித்தனியே கூப்பிட்டீர்கள். நாலாமவனுக்கு ஒன்றும் தெரியாது. மற்ற மூன்று பேரும் ஒத்துக்கொண்டார்கள். குறிஞ்சாக்கேணி நிப்ராஸ், கிளிவெட்டி ஜெயரூபன், எங்கள் கடற்கரைப் பக்கத்துத் துஷாந்தன். மூன்று பேருக்கும் இருபது வயது கூட ஆகவில்லை. அதிபருக்கும் சொல்லவில்லை, வீடுகளுக்கும் சொல்லவில்லை. "இது எங்கட ஆறு பேருக்குள்ள" என்றீர்கள். அஞ்சு பேர் தானே நிற்கிறோம் என்று நான் எண்ணிப் பார்க்க, "ஆறாவது ஆள் கடவுள், அண்ணை" என்றீர்கள்.

அன்றிலிருந்து விடிய ஐந்து மணிக்கு மூன்று பேரும் மைதானத்தில் நிற்க வேண்டும். போன் உங்கள் மேசை லாச்சிக்குள். மத்தியானச் சாப்பாடு உங்கள் வீட்டில். திங்களும் வியாழனும் சிறுநீர்ச் சோதனை. ஒரு சின்னப் போத்தலைத் திறந்து அதற்குள் இருந்த மெல்லிய குச்சிகளைக் காட்டினீர்கள். போத்தலைச் சுற்றிச் சின்னச் சின்ன நிறக் கட்டங்கள்.

"இது கொழும்பில இருந்து எடுப்பிச்சது. ஒரு கிழமைக்கு முன்னம் தொட்டிருந்தாலும் நிறம் மாறிக் காட்டிக் குடுக்கும்."

"சேர், கொத்துரொட்டி திண்டாலும் காட்டுமோ?" என்று நிப்ராஸ் கேட்டான்.

"அதுக்கு உன்ர வயிறே காட்டும். போ, ஓடு."

நானும் நம்பினேன், மாஸ்டர். போத்தலில் என்ன எழுதியிருந்தது என்று எனக்கு எப்படித் தெரியும்?

ஐந்தாவது கிழமையோ ஆறாவதோ, ஒரு திங்கட்கிழமை. வெளிச்சம் வர முதல் துஷாந்தன் சாமான் அறைக்கு வந்தான். கையில் ஒரு வெறும் இருமல் மருந்துப் போத்தல்.

"அப்பு, ஞாயிற்றுக்கிழமை பிழை விட்டிட்டன். ஒரே ஒருக்கா. இண்டைக்குப் பிடிபட்டா சேர் என்னை அஞ்சலோட்டத்தில இருந்து எடுத்துப் போடுவார். அம்மாட்டச் சொல்லிப் போடுவார்."

"அதுக்கு நான் என்னடா செய்ய?"

"நீங்கள் ஒண்டும் பாவிக்கிறேல்லைத் தானே. இதுக்குள்ள கொஞ்சம் தாங்கோ."

பேசித் துரத்தியிருக்க வேண்டும். அவன் கை அந்தப் போத்தல் மூடியைத் திறப்பதும் பூட்டுவதுமாக இருந்தது. அந்த நேரம் எனக்கு உங்கள் சட்டம் நினைவுக்கு வரவில்லை, அந்தக் கை தான் தெரிந்தது. சாமான் அறைக்குப் பின்னால் போய் நிரப்பிக் கொடுத்தேன். ஒரு நாளைக்குப் பத்துத் தரம் போகிற ஆளுக்கு அது ஒரு கஷ்டமா?

குழாயடியில் மூன்று சின்னக் கோப்பைகளை வரிசையாக வைத்தீர்கள். நிப்ராஸின் குச்சி மாறவில்லை. ஜெயரூபனின் குச்சி மாறவில்லை. துஷாந்தனின் குச்சி பச்சையாகி, பிறகு மண்ணிறமாகி, கறுக்கிற அளவுக்கு வந்து நின்றது. மற்ற இரண்டு பேரும் ஒரு அடி பின்னால் போனார்கள். துஷாந்தன் வாயைத் திறந்தபடி நின்றான். நீங்கள் குச்சியைப் பார்த்தீர்கள், அவனைப் பார்த்தீர்கள். பிறகு மெதுவாகத் திரும்பி, சுண்ணாம்பு வாளியோடு நின்ற என்னைப் பார்த்தீர்கள்.

"சரி. போய் ஓடுங்கோ" என்றீர்கள்.

அவர்கள் ஓடி முடிந்ததும் துஷாந்தன் என்னிடம் வந்து குரலைத் தாழ்த்திக் கேட்டான்.

"அப்பு, பகிடி இல்லை. உண்மையைச் சொல்லுங்கோ. நீங்களும் அடிக்கிறனீங்களோ?"

"போடா விசரா. வெத்திலையைத் தவிர இந்த வாயில ஒண்டும் வைச்சதில்லை."

அன்று பின்னேரம் உங்கள் அறையில் எனக்கு வெறுந்தேநீர் தந்தீர்கள். சீனி எங்கே என்று கேட்டேன். "இண்டையில இருந்து சீனி இல்லை, அண்ணை. நாளைக்கு என்னோட கிளினிக்குக்கு வாங்கோ" என்றீர்கள். ஏன் என்று கேட்டதற்கு, "முகம் வாடியிருக்கு" என்றீர்கள். மறுநாள் ஆஸ்பத்திரியில் ஒரு நேர்ஸ் பிள்ளை என் சிறுநீருக்குள் ஒரு குச்சியை விட்டா. அதே போத்தல். அதே நிறக் கட்டங்கள். குச்சி அதே மாதிரிப் பச்சையாகி மண்ணிறமாகியது.

"அப்பு, சீனி நல்லாக் கூடிப் போச்சு. இவ்வளவு நாளும் எங்க இருந்தனீங்கள்?" என்று அந்தப் பிள்ளை கேட்டா. நான் உங்களைப் பார்த்தேன். நீங்கள் சுவரில் இருந்த பல்லுப் படத்தைப் பார்த்துக் கொண்டிருந்தீர்கள்.

எனக்கு அங்கேயே எல்லாம் விளங்கி விட்டது. உங்களிடம் ஐஸ் பிடிக்கிற குச்சி இல்லை. மருந்துக்கடையில் வாங்கின சீனி பார்க்கிற குச்சி தான். பெடியன்களைப் பயத்தில் வைத்திருக்க நீங்கள் சொன்ன பொய் அது. அந்தக் கோப்பையில் இருந்தது யாருடையது என்பதும் உங்களுக்குத் தெரிந்து விட்டது. ஆனால் துஷாந்தனைப் பிடித்துக் கேட்க உங்களுக்கு ஏலாது. கேட்டால் குச்சியின் பொய் மற்ற இரண்டு பேருக்கும் தெரிய வந்து விடும். நானும் அகப்படுவேன். அதனால் நீங்கள் வாயைத் திறக்கவில்லை. உங்களுக்குத் தெரியும் என்று எனக்குத் தெரியும், எனக்குத் தெரியும் என்று உங்களுக்கும் தெரியும். மூன்று வருடம் அப்படியே இருந்தோம்.

இனி எழுதப் போவது தான் கஷ்டமான இடம். நேற்று இந்த இடத்தில் பேனையை வைத்து விட்டுப் போய்ப் படுத்து விட்டேன்.

குச்சியின் பொய்யைத் துஷாந்தனுக்குச் சொன்னது நான் தான், மாஸ்டர். நீங்கள் அவனாகக் கண்டுபிடித்தான் என்று நினைத்தீர்களோ தெரியாது. கிளினிக்கால் வந்த கிழமை, அவன் திரும்பவும் என்னைச் சுற்றிச் சுற்றி வந்தான். "அப்பு, வெக்கப்படாதேங்கோ. சேரிட்டச் சொன்னா அவர் உங்களையும் எங்களோட சேர்த்துக் கொள்ளுவார்" என்றான். எனக்கு ரோசம் வந்து விட்டது. இந்த வயதில் ஒரு பெடியன் என்னை ஐஸ்காரன் என்று நினைப்பதா?

"டேய், எனக்குச் சீனி வருத்தமடா. அது சீனி பாக்கிற குச்சி. ஆஸ்பத்திரியிலயும் அது தான் வைச்சிருக்கிறாங்கள்" என்று சொல்லி விட்டேன்.

அவன் சிரிப்பான் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை. சுண்ணாம்புக் கோட்டில் செருப்பால் கீறிக் கொண்டு நின்றான். கடைசியில் ஒன்று சொன்னான்.

"அவங்கள் ரெண்டு பேருக்கும் சொல்லிப் போடாதேங்கோ, அப்பு. அவங்கள் பயத்திலயாவது தப்பட்டும்."

அந்த நாளுக்குப் பிறகு அவன் தன்னுடைய சிறுநீரையே கொண்டு வந்தான். குச்சி ஒரு நாளும் மாறவில்லை. எப்படி மாறும்? ஒரு காலை நீங்கள் அவன் ஓடுவதைப் பார்த்து விட்டு, "துஷாந்தன்ர கால் பொய் சொல்லுது, அண்ணை" என்றீர்கள். தாயிடம் சொல்லுவமோ என்று கேட்டேன். "மாகாணப் போட்டி முடியட்டும்" என்றீர்கள்.

பொலிசுக்குச் சொல்லாததை நான் பிழை என்று சொல்ல மாட்டேன். அந்த வாசலை நானும் கண்டவன். ஆனால் போட்டி முடியட்டும் என்ற அந்தச் சொல்லை என்னால் விழுங்க முடியவில்லை. அது பிள்ளைக்காகச் சொன்னதா, வெற்றிக்காகச் சொன்னதா? உங்களைத் தவிர யாரிடம் இதைக் கேட்பேன்? போட்டியில் இரண்டாம் இடம் வந்தோம். அடுத்த கிழமை துஷாந்தன் வரவில்லை. அதற்கு அடுத்த கிழமையும் வரவில்லை. நீங்கள் இரண்டு தரம் அவன் வீட்டுத் தெரு முனை வரை போய்த் திரும்பி வந்ததை நான் அறிவேன். ஏன் உள்ளே போகவில்லை?

நிப்ராஸ் இப்போது துறைமுகத்தில் இழுவைப் படகில் வேலை. உடம்பு வைத்து விட்டது. ஜெயரூபன் ஊரில் வயலும் பள்ளிக்கூடமுமாக இருக்கிறான், சின்னப் பிள்ளைகளுக்கு விளையாட்டுப் பழக்குகிறான். இரண்டு பேரும் தப்பி விட்டார்கள், மாஸ்டர். அது உங்களுடைய கெட்டித்தனம் தான். துஷாந்தன் இந்த வருடம் பஸ் நிலையத்தில் ஐஸ் பொட்டலங்களோடு பிடிபட்டான். விளக்கமறியலில் இருக்கிறான். நீங்கள் எந்த வாசலுக்கு அனுப்பக் கூடாது என்று நின்றீர்களோ, அந்த வாசலுக்குள்ளால் தான் போனான்.

தாய் கமலா மைதானத்துக்கு வந்தா. நான் ஐந்தாம் ஓடுபாதைக்குக் கோடு போட்டுக் கொண்டிருந்தேன். சிறையில் மகன் எல்லாவற்றையும் தாயிடம் சொல்லி விட்டான், நான் நிரப்பிக் கொடுத்ததையும் வாய் விட்டதையும் தவிர.

"அப்பு, உங்களுக்கும் தெரியுமாமே."

நான் வாளியைக் கீழே வைத்தேன்.

"பொலிசுக்குச் சொல்லாட்டிப் போகட்டும். அதுக்கு நான் அவரைக் கும்பிடுவன். பெத்தவளுக்குச் சொல்லக் கூடாதோ? நான் விடிய நாலரைக்கு எழும்பி, பிள்ளை ஓடப் போறான் எண்டு முட்டை அவிச்சுக் குடுத்து விட்டனான். ஓடத் தான் போறான் எண்டு நினைச்சுக் கொண்டு குடுத்து விட்டனான், அப்பு."

நீங்கள் என்றால் அவவுக்கு என்ன மறுமொழி சொல்லியிருப்பீர்கள்?

கமலா கல்லூரிக்கு முறைப்பாடு எழுதிக் கொடுத்தா. மைதானத்தில் புதிதாகக் கட்டிய பார்வையாளர் மண்டபத்துக்கு உங்கள் பெயர் வைக்க இருந்தார்கள். உங்கள் திவசத்தன்று திறப்பு. டீச்சர் அதற்கென்று ஒரு சேலை எடுத்து வைத்திருந்தார். முறைப்பாடு வந்ததும் வேலையை நிறுத்தி, மூன்று பேர் கொண்ட விசாரணை வைத்தார்கள். நிப்ராஸும் ஜெயரூபனும் ஒன்றும் தெரியாது என்று சொல்லி விட்டார்கள். உங்களைக் காப்பாற்றுகிறார்களாம். மிச்சம் நான் ஒருவன்.

விசாரணையில் என் முறை வர முதல், கல்லூரிக் கிளாக்கர் தம்பி என்னை ஒரு பக்கம் கூப்பிட்டு, ஒரு தாளையும் மைப் பெட்டியையும் வைத்தார்.

"அப்பு, உங்களுக்கும் கரைச்சல் வராமல், மாஸ்டருக்கும் கரைச்சல் வராமல் எழுதியிருக்கிறன். இதில பெருவிரலை வையுங்கோ, காணும்."

பாவம், நல்ல மனம் தான். முந்தி என்றால் வைத்து விட்டுப் போயிருப்பேன். "பொறுங்கோ தம்பி" என்று தாளை எடுத்து விரலை வைத்து வைத்து வாசித்தேன். அப்படி ஒரு சம்பவம் மைதானத்தில் நடக்கவே இல்லை, எனக்கு எதுவும் தெரியாது என்று இருந்தது. நான் வாசித்து முடிக்கும் வரைக்கும் அவர் வாயைப் பொத்திக் கொண்டு நின்றார்.

"அப்பு, நீங்கள் எப்ப வாசிக்கப் பழகினனீங்கள்?"

"இந்த வருசம் தான். இது நடந்தது, தம்பி. இதில நான் விரல் வைச்சா அந்தப் பொம்பிளை பொய்க்காரி ஆகிடும்."

"விரல் வைக்காட்டி மாஸ்டர்ர பேர் போயிடும்."

"ஓம்" என்றேன். இரண்டு நாள் தவணை கேட்டேன். நானே எழுதிக் கொண்டு வருகிறேன் என்றேன்.

எழுதினால் உங்கள் பெயர் போகும். எழுதாவிட்டால் கமலா தெருவில் தலை நிமிர ஏலாது. அதோடு எழுதுகிற கையும் டீச்சர் பிடித்துப் பழக்கிய கை. அவருக்குச் சொல்லாமல் எழுதலாமா? போய்ச் சாப்பாட்டு மேசையில் இருந்து எல்லாவற்றையும் சொன்னேன். இருமல் மருந்துப் போத்தலையும் சொன்னேன். அவர் கொப்பியை மூடி வைத்து விட்டு எழுந்து உள்ளே போனார். என்னைப் போகச் சொல்லப் போகிறார் என்று நினைத்துச் செருப்பைத் தேடினேன்.

அவர் வந்தபோது கையில் அந்தச் சின்னப் போத்தல் இருந்தது.

"இது அவற்ற அலுமாரிக்குள்ள கிடந்தது. இதைக் கண்ட நாள் தொடக்கம் அவருக்குச் சீனி வருத்தம், எனக்கு ஒளிக்கிறார் எண்டு நினைச்சனான். மூண்டு வருசம் அவருக்குச் சீனி போடாமல் தேத்தண்ணி குடுத்தனான், அண்ணை. பாயாசத்தையும் நிப்பாட்டினனான். ஒரு சொல்லுக் கேக்கேல்லை அந்த மனுசன்."

சொல்லி விட்டு அவர் சிரித்தார். பிறகு சேலைத் தலைப்பால் முகத்தை மூடிக் கொண்டு நெடுநேரம் இருந்தார்.

மாஸ்டர், அந்தத் தேநீரை மூன்று வருடம் எப்படிக் குடித்தீர்கள்? எனக்கு வருத்தம், நான் குடித்தேன். உங்களுக்கு என்ன? ஒரு தரமாவது சீனி கேட்டிருக்கலாம். கேட்டால் போத்தலின் கதையைச் சொல்ல வேண்டி வரும், கதையைச் சொன்னால் பிள்ளைகளின் பெயரைச் சொல்ல வேண்டி வரும் என்று தானே விழுங்கினீர்கள்? இந்த மனுஷனைப் பற்றித் தான் நான் எழுதிக் கொடுக்க வேண்டியிருந்தது.

"எழுதுங்கோ" என்றார் டீச்சர். "அவர் செய்த நல்லதையும் எழுதுங்கோ, கமலாவுக்குச் சொல்லாததையும் எழுதுங்கோ. நான் பிழை திருத்த மாட்டன்."

ஒன்றரைப் பக்கம் வந்தது. மெத்தையில் கண்டது, மூன்று பேர், குச்சி, என் சிறுநீர், நான் வாய் விட்டது, போட்டி முடியட்டும் என்று நீங்கள் சொன்னது, எல்லாம் எழுதினேன். முடிவில் பெருவிரல் வைக்கவில்லை. நா, க, ம, ணி என்று நாலு எழுத்தையும் கோட்டிலே நேராக நிற்க வைத்தேன். மனத்துக்குள் பாரம், மாஸ்டர். ஆனால் அந்த நாலு எழுத்தையும் பார்க்க எனக்கு ஆசையாகவும் இருந்தது. அப்படி இருந்ததற்கு என்னை மன்னியுங்கள்.

முதலில் அதைக் கமலாவிடம் கொண்டு போய்க் கொடுத்தேன். நீங்கள் நின்று திரும்பிய அதே தெரு முனையால் தான் போனேன். கமலா வாசல் படியில் இருந்து வாசித்தா. என் பங்கு வருகிற இடத்தில் நிமிர்ந்து என்னைப் பார்த்தா. பேசுவா என்று காத்து நின்றேன்.

"ஞாயிற்றுக்கிழமை பாக்க விடுவாங்கள். நீங்களும் வாறீங்களோ?" என்று மட்டும் கேட்டா.

பிறகு அந்த ஒன்றரைப் பக்கத்தைக் கல்லூரியில் கொடுத்து விட்டேன். விசாரணை முடிந்து விட்டது. மண்டபச் சுவரில் உங்கள் பெயர் வராது. "மைதான மண்டபம்" என்று மட்டும் எழுதப் போகிறார்களாம். எனக்கும் கடுமையாக எச்சரித்து ஒரு கடிதம் தந்தார்கள். அதை நானே வாசித்தேன். டீச்சர் அந்தச் சேலையை உங்கள் திவசத்துக்கு வீட்டில் உடுக்கிறாராம்.

ஞாயிற்றுக்கிழமை கமலாவோடு போனேன். நல்ல வெயில், நீண்ட வரிசை. கம்பிக்கு அந்தப் பக்கம் துஷாந்தன் மெலிந்து போய் நின்றான். என்னைக் கண்டதும் அவன் முதலில் கேட்டது மற்ற இரண்டு பேரையும் தான்.

"அவங்கள் இப்பவும் அந்தக் குச்சியை நம்புறாங்களோ, அப்பு?"

"இண்டை வரைக்கும் நம்பினவங்கள். நான் எழுதிக் குடுத்திட்டன், இனித் தெரிஞ்சிடும்."

அவன் கம்பிக்குக் கிட்ட வந்தான்.

"பரவாயில்லை. அவங்களுக்கு இனி அது தேவையில்லை. வெளியில வந்தா எனக்கு ஒண்டு எடுத்து வையுங்கோ."

சிரித்துக் கொண்டு தான் சொன்னான். கமலா சிரிக்கவில்லை. "போத்தல் ஆரிட்ட இருக்கு?" என்று என்னைக் கேட்டா.

என்னிடம் தான் இருக்கிறது, மாஸ்டர். டீச்சர் தந்து விட்டார். அதில் இன்னும் பதினொரு குச்சி இருக்கிறது. காலம் கடந்த குச்சிகள், சீனியைக் கூட இனிச் சரியாகக் காட்டாது. ஆனாலும் உங்களுக்கு ஒரு வாக்குத் தருகிறேன். துஷாந்தன் வெளியே வரும் கிழமையில் இருந்து, என் முழங்கால் விடும் வரைக்கும், திங்களும் வியாழனும் விடிய ஐந்து மணிக்கு நான் குழாயடியில் நிற்பேன். அது எதைப் பார்க்கிற குச்சி என்று அவனுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். தெரிந்து கொண்டே அவன் கோப்பையை நீட்டுவான், நான் குச்சியை விடுவேன். இந்த முறை கமலாவும் பக்கத்தில் நிற்பா, அவித்த முட்டையோடு.

இருபத்தாறு வருடம் என்னை அண்ணை என்று கூப்பிட்டீர்கள். அது மரியாதைக்கு என்று நினைத்திருந்தேன்.

உங்கள் அண்ணன்
நாகமணி